தீர்ப்பிட்டவர் தீர்ப்புக்கு உள்ளானார்



ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில், அன்றையப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவர் உங்களில் யார்? இன்று சுருதி சேரவில்லை என்பார் ஒருவர். அந்தப் பெண்பிள்ளையின் குரல் மற்றவர் குரலையெல்லாம் அமுக்கிவிட்டது என்பார் இன்னொருவர். தீர்ப்புச் சொல்லுவது அவ்வளவு எளிது! ஆனால் அதையே தம் வாழ்நாள் ஊழியமாகக் கொண்டு, ஊர் ஊராய்ச் சென்று, பாடகர் குழுக்களின் பாட்டைக் கேட்டு, பொறுப்போடு தீர்ப்பு வழங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி இவ்வாரம் உங்களுக்குச் சொல்லுகிறோம். பிறர் பாட்டை நிறுத்துப் பார்த்த அவரே ஒருநாள் தராசில் ஏற்றப்பட்டார். அப்பொழுது அவர் என்ன செய்தார் என்பதுதான் இந்த வரலாற்றின் சாரம்.

அவர் பெயர் ஹியூ ராபர்ட்டன். ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் 1874-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் பிறந்தார். கிளைட் நதிக்கரையில் அமைந்த அந்நகரம் அக்காலத்தில் கப்பல் கட்டும் துறைகளாலும், ரயில் எஞ்சின் தொழிற்சாலைகளாலும் உலகப் புகழ் பெற்றிருந்தது. ஆலைப் புகையும் சம்மட்டி ஓசையும் நிறைந்த ஊர். உழைப்பாளிகள் நெருக்கமாய் அடுக்கு வீடுகளில் குடியிருந்த ஊர். அந்த இரைச்சலின் நடுவிலிருந்துதான் உலகமே காது கொடுத்துக் கேட்ட மெல்லிசை ஒன்று பிறந்தது.

ராபர்ட்டனுடைய சங்கீத ஞானம் பெரும்பாலும் அவர் தாமே முயன்று தேடிக்கொண்டது. உழைக்கும் மக்களின் நன்மைக்காக டாயின்பி இல்லம் என்ற பெயரில் கிளாஸ்கோவில் ஒரு நிலையம் நடந்து வந்தது. 1901-ஆம் ஆண்டில், தமது 27-ஆம் வயதில், அங்கே கூடிய பாடகர் குழுவுக்கு அவர் தலைவரானார். ஐந்து ஆண்டுகள் கழிந்து, 1906-இல், அக்குழு கிளாஸ்கோ ஆர்ஃபியஸ் பாடகர் குழு என்று புதுப் பெயர் பெற்றது. காட்டு மிருகங்களையும் தன் பாட்டால் அடக்கினான் என்று கிரேக்கப் பழங்கதை கூறும் பாணனின் பெயர் அது. குழுவில் பாடிய ஆண்களும் பெண்களும் சம்பளத்துக்குப் பாடியவர்கள் அல்லர். பகலெல்லாம் தங்கள் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டு, மாலையில் களைப்போடு வந்து பயிற்சிக்கு நின்றவர்கள்.

அந்தப் பயிற்சி எப்படிப்பட்டது தெரியுமா? உரத்துப் பாடுவதற்கு ஆசிரியர் வேண்டியதில்லை. மெல்லப் பாடுவதற்குத்தான் ஆசிரியர் வேண்டும். பலர் சேர்ந்து, வாத்தியத் துணையில்லாமல், சுருதி இறங்காமல், வார்த்தை மங்காமல், ஒரு மூச்சுப் போல மெல்லப் பாடுவது மிகக் கடினம். இதை உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். குரலைக் குறைத்தவுடனே சுருதி கீழே வழுகும், தாளம் தளரும், சொல்லின் கடைசி எழுத்து காணாமற்போகும். ராபர்ட்டனின் குழு இந்தக் கடினமான வழியிலேயே புகழ் பெற்றது. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்ற நான்கு குரலும் கலந்து, எந்தக் குரல் யாருடையது என்று பிரித்தறிய முடியாதபடி ஒலிக்கும். அவர்கள் பாடியவையும் பெரும்பாலும் எளிய பாட்டுகளே: ஸ்காட்லாந்து நாட்டுப்புறப் பாடல்கள், தாலாட்டுகள், தாவீதரசரின் சங்கீதங்கள். அவற்றுட் பலவற்றைக் குழுவுக்கு ஏற்றபடி அவரே அமைத்துக் கொடுத்தார்.

இனி அவருடைய மற்றொரு ஊழியத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இசைப் போட்டி விழாக்கள் தோன்றின. 1882-இல் லண்டனின் கிழக்கே ஏழைகள் மிகுந்த ஸ்ட்ராட்ஃபர்ட் பகுதியில் ஒரு விழா தொடங்கிற்று. 1885-இல் வடக்கே கெண்டல் நகரை அடுத்த கிராமங்களில், மேரி வேக்ஃபீல்டு என்ற சீமாட்டி மற்றொன்றைத் தொடங்கினார். இவர் செய்த ஏற்பாடு மிக அழகானது. பகலில் கிராமத்துக் குழுக்கள் ஒன்றோடொன்று போட்டியிடும். மாலையில், வென்ற குழுவும் தோற்ற குழுவும் ஒரே மேடையில் நின்று ஒரு பெரிய இசைப் படைப்பைச் சேர்ந்து பாடும்! பகலில் எதிரிகளாய் நின்றவர்கள் இரவில் ஒரே குரலாவார்கள். இவ்விழாக்கள் ஊருக்கு ஊர் பரவின. கிளாஸ்கோவில் 1911-இல் இசைவிழா தோன்றியபோது, அதற்குத் துணை நின்றவர்களில் ராபர்ட்டனும் ஒருவர்.

விழா என்றால் நடுவர் வேண்டும். நடுவராவதற்குத் தனிப் பள்ளிக்கூடம் ஏதும் இருந்ததில்லை. பல ஆண்டு குழு நடத்தி, மேடையேறி, வென்றும் தோற்றும் பழகினவரையே நடுவராய் அழைப்பார்கள். மண்டபத்தின் நடுவே ஒரு மேசை. அதன்மேல் ஒரு விளக்கு, ஒரு மணி, ஒரு கட்டுக் காகிதம். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே பாட்டு முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். நடுவர் மணியடித்ததும் முதற்குழு பாடும். அவர் எழுதுவார். மீண்டும் மணி, அதே பாட்டை அடுத்த குழு பாடும். இப்படி ஒரே பாட்டைப் பத்துத் தடவை, பதினைந்து தடவை கேட்க வேண்டும். பதினைந்தாவது குழுவையும் முதற்குழுவைக் கேட்ட அதே புதுக் காதோடு கேட்க வேண்டும். சுருதி, குரலின் இனிமை, தாளம், உச்சரிப்பு, பாவம் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க்கு உண்டு. பாட்டு முடிந்தவுடன் இசைக்கவையைத் தட்டிப் பார்த்தால், தொடங்கின சுருதியிலிருந்து எவ்வளவு இறங்கிவிட்டார்கள் என்பது வெளிச்சமாகும்.

மார்க்குப் போடுவதோடு அவர் வேலை முடிந்ததா? இல்லை. இனிதான் கடினமான பகுதி. நடுவர் மேடையேறி, நிறைந்த சபையின் முன்னே, ஒவ்வொரு குழுவின் குறையையும் நிறையையும் சொல்ல வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? மாதக்கணக்காய் மாலைதோறும் பயிற்சி செய்தவர்கள். நல்ல உடையுடுத்தி, வண்டிச் சத்தம் கொடுத்து வந்தவர்கள். அவர்களுடைய தாய் தகப்பன், மனைவி மக்கள். உண்மையை மறைத்தால் அவர்கள் முன்னேற மாட்டார்கள். உண்மையைக் கடுமையாய்ச் சொன்னால் அடுத்த ஆண்டு வரவே மாட்டார்கள். ஆதலால் உண்மையும் அன்பும் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். நல்ல நடுவருக்கு அடையாளம் இதுவே. பெற்றோராகவும் ஆசிரியராகவும் உள்ள வாசகர்களே, உங்கள் தொழிலும் இதுவேயன்றோ?

ராபர்ட்டன் இக்கலையில் தேர்ந்தவரென்று பெயர் பெற்றார். பிரிட்டனின் பல விழாக்களுக்கு அவரை அழைத்தார்கள். கடல் கடந்து கனடாவிலிருந்தும் அழைப்பு வந்தது. அந்நாட்டில் 1908-இல் எட்மன்டன் நகரில் முதல் இசைப் போட்டி விழா நடந்தது. பிறகு சஸ்காச்சுவானிலும், வின்னிப்பெக் நகரிலும், பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் விழாக்கள் ஏற்பட்டன. அடுத்தடுத்த மாகாணங்கள் தங்கள் விழா நாட்களை ஒன்றன்பின் ஒன்றாய் அமைத்துக்கொண்டு, பிரிட்டனிலிருந்து நடுவர்களை வரவழைத்தன. அந்த நடுவர்கள் நாட்கணக்காய் ரயிலில் பயணம் செய்து, பனி விலகாத கோதுமை நாட்டு ஊர்களில் இறங்கி, உழவர் வீட்டுப் பிள்ளைகள் பாடுவதைக் கேட்பார்கள். அவ்வாறு சென்றவர்களில் ராபர்ட்டனும் ஒருவர்.

இதற்கிடையே அவருடைய குழுவின் புகழும் வளர்ந்தது. எச்.எம்.வி. இசைத்தட்டுகள் வழியாகவும், பி.பி.சி. வானொலி வழியாகவும் அப்பாட்டு எண்ணற்ற வீடுகளில் ஒலித்தது. ஆண்டவரை நல்ல மேய்ப்பராகப் போற்றும் சங்கீதத்தை நீங்கள் அறிவீர்கள். நம் பழைய வேதாகமத்தில் அது 22-ஆம் சங்கீதம். எபிரேய எண்ணிக்கையில் 23. அச்சங்கீதத்துக்கு ஸ்காட்லாந்தில் கிரிமண்ட் என்று ஓர் இராகம் உண்டு. ஒரு சிறு கிராமத்தின் பெயர் அது. 1930-களில் இக்குழு அதைப் பாடிப் பரப்பிற்று. 1947-இல் எலிசபெத் இளவரசியின் திருமணத்தில் அதே இராகம் பாடப்பட, உலகமெங்கும் அது தெரிந்துவிட்டது.

ராபர்ட்டன் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். என்றாலும் அவர் இயற்றிய இசையில் மிகவும் விரும்பப்பட்ட ஒன்று, கத்தோலிக்கப் பெண்மணி ஒருவர் எழுதிய கவிதைக்கு அமைந்தது. அயர்லாந்து நாட்டுக் காத்தரின் டைனன் என்பவரே அக்கவி. ஏப்ரல் மாத மாலை நேரம். வழியோடு ஆடுகளும் குட்டிகளும் களைத்துப் போகின்றன. குட்டிகளின் குரலில் மனிதக் குழந்தையின் அழுகை போன்ற ஒன்று கேட்கிறது. அதைக் காணும் உள்ளத்தில் சர்வேசுரனின் செம்மறியும், மலைமேல் நின்ற சிலுவையும் நினைவுக்கு வருகின்றன. இதுதான் கவிதையின் பொருள். ராபர்ட்டன் இதற்கு ஆரவாரமான இசை அமைக்கவில்லை. ஆட்டுக்குட்டியின் நடை போல மெதுவாய், தாழ்ந்த குரலில், செபம் போல அமைத்தார். பெரிய வெள்ளிக்கிழமையையும் பாஸ்குத் திருநாளையும் ஒட்டி, ஆங்கிலம் பேசும் நாடுகளின் கோவில்களில் அது இன்றும் பாடப்படுகிறது.

1931-ஆம் ஆண்டில் அரசர் அவருக்குச் சர் பட்டம் அளித்தார். பட்டமும் புகழும் வந்துவிட்டன. இனிச் சுகமாய்க் காலம் கழிக்கலாமென்று நீங்கள் நினைப்பீர்கள். சோதனை அதன்பிறகே வந்தது.

ராபர்ட்டன் போரை வெறுத்தவர். எந்தக் காரணத்துக்காகவும் மனிதன் மனிதனைக் கொல்லலாகாது என்பது அவருடைய உறுதியான கொள்கை. போரில் பங்குகொள்வதில்லை என்று வாக்குக் கொடுத்தவர்களின் சமாதான உறுதிமொழிச் சங்கத்தில் அவரும் சேர்ந்திருந்தார். 1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்தது. பிரிட்டன் தனித்து நின்றது. ஊர்கள் மீது குண்டு விழத் தொடங்கிற்று. அந்த ஆண்டில் பி.பி.சி. ஒரு முடிவு செய்தது. போரை எதிர்க்கும் கொள்கையுடைய ராபர்ட்டனுக்கும் அவருடைய குழுவுக்கும் வானொலியில் இனி இடமில்லை!

அவர் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவருக்கு வயது 66. குழு அவருடைய உயிர். தடை அவர் ஒருவரோடு நிற்கவில்லை; குழு முழுவதன் குரலும் அடைக்கப்பட்டது. நாட்டின் துயர காலத்தில், மக்களுக்கு ஆறுதலான சங்கீதம் அதிகமாய்த் தேவைப்பட்ட நேரத்தில், பாட முடியவில்லை. கொள்கையைக் கைவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் கதவு திறந்திருக்கும். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை.

அவர் எண்ணம் சரியோ தவறோ என்று வாசகர்கள் கேட்கலாம். அநியாயமாய்த் தாக்கப்பட்ட நாடு தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்பது நம் திருச்சபையின் போதனை. ஹிட்லரை எதிர்த்து உயிர் கொடுத்தவர்களை நாம் நன்றியோடு நினைக்கிறோம். அதே சமயம், மனச்சாட்சியின் காரணமாக ஆயுதம் எடுக்க மறுப்பவர்களை மனிதத் தன்மையோடு நடத்தும் சட்டங்கள் வேண்டுமென்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறிற்று. ஆகவே அவருடைய முடிவோடு இணங்காதவரும் அவருடைய நேர்மையை மதிக்கலாம். பேசினால் இழப்பு, மௌனமாயிருந்தால் இலாபம் என்ற இடத்தில் ஒருவன் என்ன செய்கிறான் என்பதில்தான் அவனுடைய உண்மைச் சுருதி தெரிகிறது.

இந்தத் தடையைப் பற்றிப் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. 1941 மார்ச் மாதம் 13, 14 தேதி இரவுகளில் ஜெர்மன் விமானங்கள் கிளைட் நதிக்கரையில் குண்டு மாரி பொழிந்தன. கிளாஸ்கோவை ஒட்டியுள்ள கிளைட்பாங்க் ஊரில் மட்டும் 500 பேருக்கு மேல் மாண்டனர். சேதமில்லாமல் தப்பின வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். ராபர்ட்டனின் சொந்தச் சனங்கள் தங்கள் மரித்தோரை அடக்கம் செய்துகொண்டிருந்த வாரம் அது. போர் வேண்டாமென்று சொல்லுபவனுக்கு அதைவிடக் கடினமான வாரம் இருக்க முடியுமா? அவன் சொல்லைக் கேட்கப் பிறருக்கும் அதைவிடக் கடினமான வாரம் இராது.

ஆயினும் மார்ச் 20-ஆம் தேதியன்று பிரதம மந்திரி சர்ச்சில் பாராளுமன்றத்தில் எழுந்து, இத்தகைய தடை நீங்கும் என்று அறிவித்தார். கொள்கைக்காக மனிதரை வேட்டையாடுவது நம் மக்களுக்கு அருவருப்பானது என்ற கருத்துப்பட அவர் பேசினார். போர் வெறுப்பால் ஒருவருடைய சங்கீதத்தின் சுருதி இறங்கிவிடாது என்று நகைச்சுவையாகவும் குறிப்பிட்டார். போரை நடத்தின தலைவரே, போரை வெறுத்தவரின் பாட்டுக்கு வழி திறந்துவிட்டார்! குண்டு விழுந்து ஒரு வாரம் ஆகுமுன்னே இப்படி நடந்தது, நடுவராய் நின்ற அந்த நாட்டு மக்களுக்கும் பெருமை தருவதே.

அதன்பின் பத்து ஆண்டுகள் அவர் குழுவை நடத்தினார். 1951-இல், தலைமையேற்ற ஐம்பதாம் ஆண்டில், 77-ஆம் வயதில் ஓய்வு பெற்றார். அவரோடு ஆர்ஃபியஸ் குழுவும் கலைந்தது. ஆனால் பாடிப் பழகின நாவு சும்மா இருக்குமா? அதே ஆண்டில் பழைய உறுப்பினர் சிலர் கூடிப் புதுக் குழு ஒன்றைத் தொடங்கி, அதற்கு ஃபீனிக்ஸ் என்று பெயரிட்டனர். சாம்பலிலிருந்து மீண்டும் எழும் என்று சொல்லப்படும் பறவை அது. ஆதிக் கிறிஸ்தவர்கள் உயிர்ப்புக்கு அடையாளமாய் அதைக் கல்லறைகளில் வரைந்தார்கள். அக்குழு இன்றும் கிளாஸ்கோவில் பாடி வருகிறது. ராபர்ட்டன் 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் காலமானார். பத்து ஆண்டுகள் கழித்து, 1962-இல், அவர் குழு பாடிய புனித அந்திரேயா மண்டபமும் தீக்கிரையாயிற்று. முகப்புச் சுவர் மட்டும் நிற்கிறது. இசைத்தட்டுகளில் அந்த மெல்லிய பாட்டு மாத்திரம் அழியாதிருக்கிறது.

வாசகர்களே, இவர் வாழ்வில் நமக்கு என்ன உண்டு? குழுவில் நின்று பாடுகிறவனுக்கு முதற்பாடம், தன் குரலைக் காட்டிலும் பக்கத்தில் நிற்பவன் குரலைக் கேட்பது. பக்கத்துக் குரல் காதில் விழவில்லையென்றால் நாம் அளவுக்கு மீறி உரக்கப் பாடுகிறோம் என்று பொருள். குடும்பத்திலும் பங்கிலும் இதுவே சட்டம். ஆனால் இரண்டாம் பாடமும் உண்டு. மெல்லப் பாடுகிறவன் சுருதியை விட்டுவிடக்கூடாது. சுற்றிலும் எத்தனை குரல் வேறு பக்கம் இழுத்தாலும், தொடங்கின சுருதியைக் காத்து நிற்க வேண்டும். தாழ்மையும் உறுதியும் ஒரே தொண்டையில் குடியிருக்கலாம் என்று ராபர்ட்டன் காட்டிப் போனார்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப்பின் பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உங்கள் நாவு எழும்பும். தடையில்லை, சொல்லுங்கள். உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் அந்தப் பிள்ளை மறு வாரமும் ஆவலோடு பாட வரும்படி சொல்லுங்கள். நம் எல்லோருடைய பாட்டையும் கேட்டு முடிவில் தீர்ப்பிடுகிறவர் ஒருவர் இருக்கிறார். நாமும் அவர் முன்னே நின்று பாட வேண்டிய குழுவினரே என்பதை மறவாதிருப்போமாக.